வைக்கோலிலிருந்து விமான எரிபொருள் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைக்கோல், சோளத்தட்டை, கரும்புச் சக்கை, மரத்தூள், காய்ந்த புல் போன்றவற்றை எரிபொருளாகவும் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய வேதிப்பொருள்களாகவும் மாற்றுவது பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் இவை. பள்ளிக்கூட வேதியியல் நினைவிருந்தால் போதும். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செடி காற்றிலிருந்து பிடித்துக் கட்டி வைக்கும் கார்பன் அளவோடுதான் கிடைக்கும். வேறு எதனாலும் ஈடுகட்ட முடியாத இடங்களில்தான் அதைச் செலவழிக்க வேண்டும்.

உயிரித்திரள் என்று எதையெல்லாம் சொல்கிறார்கள்?

செடி, மரம், பாசி என உயிருள்ளவை உண்டாக்கிய, புதைபடிவமாக மாறாத பொருள் எல்லாமே உயிரித்திரள்தான். பயோமாஸ் என்றும் சொல்வார்கள். உணவாகவும் பயன்படும் சர்க்கரை, மாவுச்சத்து, எண்ணெய் ஒரு வகை. மரம், தட்டை, புல் என மனிதரால் தின்ன முடியாத நார்ப்பகுதி இன்னொரு வகை. சாணம், உணவுக் கழிவு, கழிவுநீர்க் கசடு போன்ற ஈரச் சரக்கு மூன்றாவது. இங்கே பெரும்பாலும் நார்ப்பகுதியைப் பற்றித்தான் பேசப்போகிறோம். அதிகமாகக் கிடைப்பதும் அதுதான், அதிகம் சிரமப்படுத்துவதும் அதுதான்.

அந்த நாருக்குள் என்ன இருக்கிறது?

உலர்ந்த எடையில் ஏறத்தாழ 35 முதல் 50 விழுக்காடு செல்லுலோஸ், 20 முதல் 35 விழுக்காடு ஹெமிசெல்லுலோஸ், 10 முதல் 30 விழுக்காடு லிக்னின். மீதி சாம்பல், பிசின், மெழுகு, கொஞ்சம் புரதம்.

செல்லுலோஸை 1838-ல் தனியே பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பாயென். குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நேரான சங்கிலி அது. ஹெமிசெல்லுலோஸ் கிளை விட்ட குட்டைச் சங்கிலி. அதில் சைலோஸ், அராபினோஸ், மேனோஸ் எனப் பல சர்க்கரைகள் கலந்திருக்கும். லிக்னினில் சர்க்கரையே கிடையாது. பென்சீன் வளையம் கொண்ட அலகுகள் ஒழுங்கில்லாமல் நாலாபக்கமும் பிணைந்துகொண்ட வலை அது.

தனிமக் கணக்கில் பார்த்தால், உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன், 40 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன், சுமார் 6 விழுக்காடு ஹைட்ரஜன். பெட்ரோலியத்தில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. பின்னால் வரும் சிக்கல்கள் பலவும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவை.

சோள மாவிலிருந்து எத்தனால் எளிதாக வருகிறதே, சோளத்தட்டையிலிருந்து எடுக்க ஏன் இவ்வளவு பாடு?

மாவுச்சத்தும் செல்லுலோஸும் குளுக்கோஸால் ஆனவைதான். ஆனால் அடுத்தடுத்த குளுக்கோஸ்கள் இணையும் கோணம் வேறு. மாவுச்சத்தில் சங்கிலி சுருண்டு நிற்கும். தண்ணீர் உள்ளே புகும், நொதி சுலபமாக வெட்டும். விதை முளைக்கும்போது உடனே கரைந்து உணவாக வேண்டிய சேமிப்பு அது. செல்லுலோஸ் சங்கிலிகளோ நேராக நீண்டு, ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிப் படிகமாக இறுகியிருக்கும். அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ், அதற்கும் மேலே லிக்னின். மழையிலும் பூஞ்சையிலும் ஒரு மரம் நூறாண்டு நிற்கிறதென்றால் அதற்குக் காரணம் இந்தக் கட்டுமானம்தான். செடி எதிலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறதோ, அதையேதான் நாம் ஆலையில் செய்யப் பார்க்கிறோம்.

இந்த முயற்சி புதிதும் அல்ல. 1819-லேயே பிரான்சில் ஆன்றி பிராகோனோ பழைய லினன் துணியைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். இருநூறு ஆண்டுகள் கழித்தும் நம்மை அலைக்கழிப்பது செலவுதான்.

முன்பதப்படுத்தல் என்கிறார்களே, அது என்ன?

நொதி செல்லுலோஸை நெருங்கும்படி அந்தக் கட்டுமானத்தைக் குலைக்கும் முதல் கட்டம். வழிகள் பல. நீர்த்த கந்தக அமிலத்தில் 160 முதல் 200 டிகிரி வரை வேகவைக்கலாம். அழுத்த நீராவியில் சூடாக்கிச் சட்டென்று அழுத்தத்தை விடுவித்து நாரை வெடிக்கச் செய்யலாம். அம்மோனியா, காரம், கரிமக் கரைப்பான், அயனித் திரவம் ஆகியவற்றையும் பயன்படுத்துகிறார்கள்.

கடுமையாகச் செய்தால் நார் நன்றாகத் திறக்கும். ஆனால் கிடைத்த சர்க்கரையே சிதைந்து ஃபர்ஃபுரல், ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபுரல் என்று மாறிவிடும். ஹெமிசெல்லுலோஸிலிருந்து அசிட்டிக் அமிலம் கழன்று வரும். மூன்றுமே ஈஸ்ட்டுக்கு விஷம். மென்மையாகச் செய்தால் நொதி உள்ளே போகாது. நல்ல முன்பதப்படுத்தல் என்று ஒரே பதில் கிடையாது. கோதுமை வைக்கோலுக்குச் சரியாக வந்தது பைன் மரத்திடம் தோற்றுப்போகும். ஊசியிலை மரங்களின் லிக்னின் அதிகம், அதன் பிணைப்பும் கெட்டி.

என்னைக் கேட்டால், மொத்த வேலையில் மிகக் குறைவாகப் பாராட்டப்படுவது இந்தக் கட்டம்தான். புதிய நொதிக்கும் புதிய ஈஸ்ட்டுக்கும் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட இதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் இங்கே சரியாகச் செய்யாததைப் பின்னால் எந்த நொதியும் சரிசெய்து தராது.

நொதிகள் எங்கிருந்து வருகின்றன?

பெரும்பாலும் டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையிலிருந்து. இரண்டாம் உலகப் போரில் தென் பசிபிக்கின் சாலமன் தீவுப் பகுதியில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரத் துணிகள் மக்கிப்போயின. காரணம் தேடியபோது பிடிபட்ட பூஞ்சை இது. எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் ஆகியோர் இதன் நொதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். பூஞ்சைக்கு ரீஸின் பெயரே நிலைத்துவிட்டது. இன்று ஆலைகளுக்கு வரும் நொதிக் கலவைகளில் பல, இந்த ஒரு மாதிரியின் வழிவந்த இனங்கள் தருபவை.

அப்புறம் 2010-ல் நார்வே ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டார்கள். அதுவரை தெரிந்த நொதிகள் தண்ணீரைக் கொண்டு சங்கிலியை வெட்டுபவை. பூச்சி, நண்டு ஓடுகளில் உள்ள கைட்டின் என்ற சர்க்கரைச் சங்கிலியில் இவர்கள் கண்ட நொதி ஆக்சிஜனேற்றத்தால் வெட்டியது, அதுவும் படிகப் பரப்பின் மேலேயே. செல்லுலோஸை இதே விதமாக வெட்டும் நொதிகளும் பின்னர் தெரியவந்தன. அவற்றைச் சேர்த்த கலவைகளில் குறைந்த நொதியைக் கொண்டே அதிகச் சர்க்கரை எடுக்க முடிகிறது.

எல்லாச் சர்க்கரையையும் ஈஸ்ட் தின்றுவிடுமா?

இல்லை. சாதாரண ஈஸ்ட் குளுக்கோஸை விரும்பித் தின்னும், சைலோஸைத் தொடாது. தட்டையிலும் புல்லிலும் சைலோஸ் கணிசமாக இருப்பதால் இது பெரிய இழப்பு. 1993-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோவின் குழு மரபணுக்களை மாற்றி இரண்டையும் நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டை உருவாக்கியது. அதன் பிறகு பல இனங்கள் வந்துவிட்டன. ஆனாலும் குளுக்கோஸ் தீரும்வரை சைலோஸ் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஒரு டன் உலர்ந்த சரக்கில் எவ்வளவு எத்தனால் கிடைக்கும்?

எல்லாச் சர்க்கரையும் மாறினால் சுமார் 400 லிட்டர். நடைமுறையில் 250 முதல் 300 லிட்டர் வந்தால் நல்ல ஆலை என்று சொல்லலாம். ஒரு லிட்டர் எத்தனாலில் ஒரு லிட்டர் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் உண்டு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சர்க்கரையாக்காமல் நேரடியாகச் சூடாக்கி எரிபொருள் எடுக்க முடியாதா?

முடியும். அதில் மூன்று வழிகள் முக்கியமானவை.

விரைவு வெப்பச்சிதைவில் காற்றில்லாமல் 500 டிகிரி அளவில் பொடியைச் சூடாக்கி, வரும் ஆவியை ஓரிரு நொடிக்குள் குளிரவைக்கிறார்கள். நல்ல மரப்பொடியில் எடையில் 70 விழுக்காட்டுக்கும் மேல் கறுப்புத் திரவம் கிடைக்கும். எண்ணெய் என்று சொன்னாலும் பெட்ரோலிய எண்ணெயோடு அது கலக்காது. கால் பங்கு வரை தண்ணீர், வினிகரைப் போன்ற அமிலத்தன்மை, 35 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன். தொட்டியில் வைத்திருந்தால் மாதக்கணக்கில் கெட்டியாகிக்கொண்டே போகும். இதை ஹைட்ரஜனால் சுத்திகரிக்கப் போனால் வினையூக்கியின் மேல் கரி படிந்து அடைத்துவிடும். மிசிசிப்பியின் கொலம்பஸில் வினையூக்கி வெப்பச்சிதைவை நம்பிக் கட்டிய ஆலை ஓடாமல் நின்று, அதன் நிறுவனம் 2014-ல் திவாலானது.

வாயுவாக்கத்தில் 700 டிகிரிக்கு மேலே, எரிந்து முடியப் போதாத அளவு ஆக்சிஜன் அல்லது நீராவி கொடுக்கிறார்கள். எல்லாமே கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக உடைந்துபோகும். அதிலிருந்து மெத்தனால் செய்யலாம், மீத்தேன் செய்யலாம், ஃபிஷர்–டிராப்ஷ் முறையில் டீசலும் விமான எரிபொருளும் செய்யலாம். ஃபிரான்ஸ் ஃபிஷரும் ஹான்ஸ் டிராப்ஷும் ஜெர்மனியின் முல்ஹைமில் நிலக்கரியை வைத்து 1920-களில் உருவாக்கிய முறை இது. லிக்னினும் சேர்ந்து வாயுவாகிவிடுவது இதன் பெரிய வரம். தலைவலி தார்தான். அது குழாய்களில் ஒட்டி அடைக்கும், கந்தகம் வினையூக்கியைக் கெடுக்கும். வாயுவைச் சுத்தப்படுத்தும் பகுதி சிறிய ஆலையிலும் மலிவாக முடியாது. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் மரத்திலிருந்து மீத்தேன் தயாரித்த 20 மெகாவாட் ஆலை தொழில்நுட்ப ரீதியாக நன்றாகவே ஓடியது. செலவு கட்டுபடியாகாமல் 2018-ல் நிறுத்தினார்கள்.

ஈரமான சரக்குக்கு நீர்வெப்ப திரவமாக்கல் பொருந்தும். 250 முதல் 370 டிகிரியில், தண்ணீரைக் கொதிக்கவிடாத அழுத்தத்தில் வைத்தால், உலர்த்தும் செலவே இல்லாமல் கெட்டியான எண்ணெய் பிரியும். பாசிக்கும் கழிவுநீர்க் கசடுக்கும் இதைவிடப் பொருத்தமான வெப்பவழி எனக்குத் தெரிந்து இல்லை.

சாண எரிவாயு முறையில் இதையெல்லாம் போடக்கூடாதா?

ஈரக் கழிவுக்கு அதுதான் முதல் தேர்வு. 50 முதல் 70 விழுக்காடு மீத்தேன் கொண்ட வாயு கிடைக்கும், மீதிக் கசடு வயலுக்கு உரமாகும். மரத்தைப் போட்டால் மட்டும் ஒன்றும் நடக்காது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்களால் லிக்னினை உடைக்க முடியாது.

ஆக்சிஜனை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறீர்கள்?

ஒரு சின்னக் கணக்கு போதும். 100 கிலோ குளுக்கோஸை எடுத்துக்கொள்வோம். அதில் 53 கிலோ ஆக்சிஜன்.

அதை லாக்டிக் அமிலமாக நொதிக்கவைத்தால் கோட்பாட்டளவில் 100 கிலோவும் அப்படியே லாக்டிக் அமிலமாகும். ஒரு அணுகூட வீணில்லை. எத்தனாலாக்கினால் 51 கிலோ, மீதி 49 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். ஆக்சிஜனே இல்லாத ஐசோபியூட்டீனாக்கினால் அதிகபட்சம் 31 கிலோதான். ஆக்சிஜன் தனியாகக் கிளம்பிப் போகாது. ஒன்று கார்பனையோ இல்லை ஹைட்ரஜனையோ கூட்டிக்கொண்டுதான் போகும்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எடை பாதியானாலும் குளுக்கோஸில் இருந்த ஆற்றலில் 90 விழுக்காட்டுக்கும் மேல் எத்தனாலில் தங்கிவிடுகிறது. அதனால் எரிபொருளாகப் பார்க்கும்போது எத்தனால் மோசமான தேர்வு அல்ல. ஆனால் கார்பன் அரிய பொருள் என்று ஏற்றுக்கொண்டால், ஆக்சிஜனோடு சேர்த்தே விற்கக்கூடிய பொருளைச் செய்வதுதான் புத்திசாலித்தனம். பெட்ரோலிய ஆலைகள் எத்திலீன் போன்ற ஹைட்ரோகார்பனில் ஆக்சிஜனைச் சேர்த்து வேதிப்பொருள் செய்கின்றன. செடியில் அந்த ஆக்சிஜன் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கஷ்டப்பட்டு நீக்கிவிட்டு, திரும்பவும் சேர்ப்பது எதற்கு?

அப்படியானால் எந்தெந்த வேதிப்பொருள்கள் நிஜமாகவே சந்தையில் இருக்கின்றன?

மிகப் பழையது ஃபர்ஃபுரல். ஓட்ஸ் உமியை அமிலத்தில் வேகவைத்து இதை எடுக்கும் தொழிலை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் 1922-ல் தொடங்கியது. சைலோஸிலிருந்து மூன்று நீர் மூலக்கூறுகள் நீங்கினால் ஃபர்ஃபுரல். இன்றும் அது தட்டை, சக்கை போன்றவற்றிலிருந்துதான் வருகிறது. பெட்ரோலியத்தில் அதற்குப் போட்டி இல்லை. அதிலிருந்து வரும் ஃபர்ஃபுரில் ஆல்கஹால், வார்ப்பாலைகளில் மணல் அச்சைப் பிணைக்கும் பிசினுக்குப் போகிறது. முன்பதப்படுத்தலில் ஈஸ்ட்டைக் கொல்லும் அதே பொருள் இங்கே விலைபோகும் சரக்கு.

லாக்டிக் அமிலத்திலிருந்து பி.எல்.ஏ. பிளாஸ்டிக் வருகிறது. குளுக்கோஸை மரபணு மாற்றிய பாக்டீரியாவுக்குக் கொடுத்து 1,3-புரொப்பேன்டையால் எடுத்து, அதை இழைகளுக்கும் கம்பளத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். பயோடீசல் செய்யும்போது எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வரும் கிளிசரால், எபிகுளோரோஹைட்ரினாக மாறி எபாக்சிப் பிசினுக்குப் போகிறது. பழச்சர்க்கரை (ஃபிரக்டோஸ்) வழியாக வரும் ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபுரலை ஆக்சிஜனேற்றினால் எஃப்.டி.சி.ஏ. என்ற அமிலம் கிடைக்கும். அதிலிருந்து செய்யும் பி.இ.எஃப். பிளாஸ்டிக் பாட்டில், சோடா பாட்டில்களில் உள்ள பி.இ.டி.யைவிட வாயுவை நன்றாகத் தடுத்து நிறுத்தும். பெட்ரோலியப் பொருளின் நகலாக இல்லாமல் அதைவிட நல்ல குணத்தோடு வருவதால்தான் எனக்கு அதன்மேல் நம்பிக்கை அதிகம். நகல்கள் விலையில் மட்டுமே போட்டி போட முடியும், விலையில் கச்சா எண்ணெயை வெல்வது கடினம்.

இன்னொரு பழைய உதாரணம் உண்டு. முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கு அசிட்டோன் போதாதபோது, வேதியியலாளர் கைம் வைஸ்மான் ஒரு குளோஸ்ட்ரிடியம் பாக்டீரியாவைக் கொண்டு மாவுச்சத்திலிருந்து அசிட்டோனும் பியூட்டனாலும் எடுத்தார். மலிவான பெட்ரோலிய வேதியியல் வந்த பிறகு பெரும்பாலான நாடுகளில் அந்த ஆலைகள் மூடப்பட்டன.

லிக்னினை என்ன செய்வது?

இதுவரை பெரும்பாலும் எரித்துக்கொண்டிருக்கிறோம். கிராஃப்ட் முறைக் காகிதக்கூழ் ஆலைகளில் லிக்னின் கரைந்த கருநீரைக் கொதிகலனில் எரித்து நீராவி, மின்சாரம் எடுப்பதோடு, கூழாக்கும் ரசாயனங்களையும் மீட்கிறார்கள். வீண் என்று இதைச் சொல்ல மாட்டேன், அந்த ஆலைகள் நிற்பதே இதனால்தான். ஆனாலும் இயற்கை தரும் மிகப்பெரிய பென்சீன் வளையக் களஞ்சியத்தை வெப்பமாகத் தீர்ப்பது மனதுக்கு ஒப்பவில்லை.

நார்வேயின் சார்ப்ஸ்போர்க்கில் உள்ள போரெகார்ட் ஆலை பல பத்தாண்டுகளாக மரத்தின் லிக்னினிலிருந்து வெனிலா மணம் தரும் வெனிலின் தயாரிக்கிறது. கான்கிரீட்டை இளக்கும் லிக்னோசல்ஃபோனேட்டும் அங்கிருந்து வருகிறது. அதைத் தாண்டிப் போவதில் ஒரு தடை உண்டு. அமிலத்திலோ காரத்திலோ சூடாக்கும்போது லிக்னினின் பலவீனமான பிணைப்புகள் உடைந்து, உடனே இன்னும் வலுவான கார்பன்–கார்பன் பிணைப்புகளாக மீண்டும் சேர்ந்துவிடுகின்றன. அப்புறம் அதை ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் அண்மைக் காலத்தில் வரிசையையே மாற்றிப் பார்க்கிறார்கள். சர்க்கரையை எடுத்துவிட்டு மிஞ்சியதைப் பார்க்காமல், முதலிலேயே லிக்னினைக் கரைத்து, அது மீண்டும் சேர்வதற்குள் ஹைட்ரஜனும் வினையூக்கியும் கொண்டு சிறு மூலக்கூறுகளாக நிலைநிறுத்துகிறார்கள். 2016-ல் ஜெரமி லுட்டர்பாகரின் குழு, ஃபார்மால்டிஹைடைச் சேர்த்தால் லிக்னின் மீண்டும் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் மூடிக்கொள்ளும் என்று காட்டியது. இந்தத் துறையில் நான் மிக ஆவலோடு கவனிப்பது இதைத்தான்.

தொழில்நுட்பம் இருந்தும் பெரிய ஆலைகள் ஏன் மூடப்பட்டன?

2007-ல் அமெரிக்கச் சட்டம் 2022-க்குள் ஆண்டுக்கு 1,600 கோடி காலன் செல்லுலோஸ் வழி எரிபொருள் என்று இலக்கு வைத்தது. அதன் பக்கத்தில்கூட உற்பத்தி வரவில்லை. இத்தாலியின் கிரஸென்டினோவில் 2013-லும், கான்சஸின் ஹியூகோடனிலும் அயோவாவின் எமெட்ஸ்பர்கிலும் 2014-லும், அயோவாவின் நெவாடாவில் 2015-லும் பெரிய ஆலைகள் திறந்தன. சில ஆண்டுகளில் நான்குமே நின்றன. கிரஸென்டினோ ஆலை பின்னர் வேறு கைக்கு மாறியது.

ஈஸ்ட்டும் நொதியும் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. வயலிலிருந்து வரும் வைக்கோல் கட்டுகளில் மண்ணும் கல்லும் இருக்கும், அரைக்கும் இயந்திரத்தின் பற்கள் தேயும். ஈரப்பதம் கட்டுக்குக் கட்டு மாறும். காற்றும் தூசியுமாக இருக்கும் சரக்கை உயர் அழுத்தக் கலனுக்குள் இடைவிடாமல் தள்ளுவது திரவத்தைப் பம்ப் செய்வதுபோல் சுலபம் அல்ல, அடைத்துக்கொள்ளும். அறுவடை சில வாரங்கள், ஆலை ஆண்டு முழுக்க ஓட வேண்டும். ஆகவே மலைமலையாகச் சேமிக்க வேண்டும், அது மக்கும் அல்லது தீப்பிடிக்கும். ஆலையைப் பெரிதாக்கினால் வைக்கோல் வரும் தூரம் கூடும். சிறிதாக்கினால் முதலீடு கட்டாது. இதற்கிடையே 2014-ல் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. ஆய்வகத்தில் கச்சிதமாகப் பொடித்த மாதிரியை வைத்துப் போட்ட கணக்குகள் இதையெல்லாம் எதிர்பார்க்கவில்லை.

செடி எரிபொருள் என்றால் கார்பன் கணக்கு தானாகவே சமமாகிவிடாதா?

ஆகாது. கழிவு வைக்கோல் எப்படியும் ஓரிரு ஆண்டில் மக்கியிருக்கும், அதைப் பயன்படுத்தினால் கணக்கு சீக்கிரம் நேராகும். வளர்ந்த மரத்தை வெட்டி எரித்தால் அந்தக் கார்பன் திரும்பக் காட்டுக்குள் சேரப் பல பத்தாண்டுகள் வேண்டும். உணவு விளைந்த நிலத்தை எரிபொருள் பயிருக்குத் திருப்பினால் வேறெங்கோ காடோ புல்வெளியோ உழப்படலாம். டிமோத்தி செர்ச்சிங்கர் குழு 2008-ல் சயன்ஸ் இதழில் இதைக் கணக்கிட்டுக் காட்டியபோது துறையே அதிர்ந்தது. எண்களில் சர்ச்சை உண்டு, கேள்வி சரியான கேள்வி. அதோடு நைட்ரஜன் உரத்திலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 270 மடங்கு வெப்பமூட்டும்.

வைக்கோலையும் முழுக்க வாரிக்கொண்டு போகக்கூடாது. ஒரு பங்கு வயலிலேயே கிடந்தால்தான் மண்ணின் கரிமம் குறையாது, மண்ணரிப்பும் தடுக்கப்படும்.

மின்சாரக் கார்கள் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு?

கார்களுக்குத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஒளிச்சேர்க்கை ஆண்டுக்கணக்கில் சூரிய ஒளியின் ஒரு விழுக்காட்டை ஒட்டித்தான் செடியாக மாற்றுகிறது. சூரியத் தகடு 20 விழுக்காடு அளவுக்கு மின்சாரமாக்குகிறது. நிலத்தின் கணக்கில் காருக்கு வைக்கோல் எத்தனால் தோற்றுவிடும்.

விமானத்தில் நிலைமை வேறு. விமான எரிபொருளின் ஒரு கிலோவில் சுமார் 43 மெகாஜூல் ஆற்றல். நல்ல பேட்டரியின் ஒரு கிலோவில் ஏறத்தாழ ஒரு மெகாஜூல். நெடுந்தூரம் பறக்க திரவ ஹைட்ரோகார்பனைத் தவிர இப்போதைக்கு வழியில்லை. 2009-ல் ஃபிஷர்–டிராப்ஷ் எரிபொருளையும் 2011-ல் தாவர எண்ணெய், கொழுப்பு வழி எரிபொருளையும் 50 விழுக்காடு வரை கலக்க அனுமதி வந்தது. எத்தனாலை எத்திலீனாக்கி, அதைக் கோத்து நீளமாக்கி விமான எரிபொருளாக்கும் வழிக்கும் பின்னர் அனுமதி கிடைத்தது. வேதிப்பொருள்களுக்கோ கார்பனே உடம்பு. பிளாஸ்டிக்கையும் பிசினையும் மின்சாரத்திலிருந்து செய்ய முடியாது. கிடைக்கும் வைக்கோலும் மரத்தூளும் இந்த இரண்டு இடத்துக்குத்தான் முதலில் போக வேண்டும்.

புதிய கண்டுபிடிப்பு என்று செய்தி வந்தால் எதைப் பார்த்து எடை போடுவது?

முதலில், பரிசோதித்தது நிஜமான வைக்கோலா, கடையில் வாங்கிய தூய செல்லுலோஸா என்று பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் பாதி சிக்கல் இன்னும் தொடங்கவே இல்லை. அடுத்து, தொட்டியில் பொருள் எவ்வளவு செறிவாகச் சேர்ந்தது என்று தேடுங்கள். எத்தனால் 2 விழுக்காட்டில் நின்றால் தண்ணீரை வடித்துப் பிரிப்பதற்கே ஆற்றல் போய்விடும், 4 அல்லது 5 விழுக்காட்டைத் தாண்டினால்தான் காய்ச்சி வடிப்பது கட்டுபடியாகும். உள்ளே போன கார்பன் முழுவதும் எங்கே போனது என்ற கணக்கைக் கொடுத்திருக்கிறார்களா என்பது முக்கியம். ‘95 விழுக்காடு மாற்றம்’ என்பது பெரும்பாலும் தீர்ந்துபோன சரக்கைப் பற்றிய எண், விரும்பிய பொருளைப் பற்றியது அல்ல. வினையூக்கி என்றால் எத்தனை மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தது, அதற்குப் பிறகு அதை மீட்க முடிந்ததா என்று பாருங்கள். கரைப்பான் என்றால் எத்தனை விழுக்காடு திரும்பக் கிடைத்தது என்று பாருங்கள். விலை உயர்ந்த கரைப்பானில் ஒவ்வொரு சுற்றிலும் 2 விழுக்காடு தொலைந்தாலே பொருளின் விலை எகிறிவிடும். ஆலைச் செய்தி என்றால், திறப்பு விழாத் தேதியைவிட இரண்டு ஆண்டு கழித்து அது தன் திறனில் எத்தனை பங்கு ஓடியது என்று தேடிப் படியுங்கள்.